கிறிஸ்மஸ் தீவு செவப்பு நண்டு பாக்க எப்ப போகணும்? அம்மாவ கூட்டிட்டு போலாமா?

ஊர்சுத்தி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பெர்த்ல இருக்கேன், அம்மா ஊர்ல இருந்து (திருநெல்வேலி பக்கம்) ஆறு மாசம் இருந்துட்டு போக வந்திருக்காங்க, வயசு 64, நல்லாவே நடப்பாங்க. யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின வீடியோல ரோடு முழுக்க செவப்பு நண்டா ஊர்ந்து போறத பாத்ததுல இருந்து ஒரே கேள்வி, "இது நெசமாடி இல்ல கம்ப்யூட்டர்ல பண்ணதா"ன்னு. நெசந்தாம்மா, நம்ம பெர்த்ல இருந்து நாலு மணி நேர ஃப்ளைட்டுதான்னு நான் வாய் தவறி சொல்லிட்டேன், இனி கூட்டிட்டு போகாம முடியாது.

நவம்பர் 10ல இருந்து ஒரு வாரம் லீவு கேக்கலாம்னு இருக்கேன். அந்த தேதி சரியா? பீச்செல்லாம் மாலத்தீவு மாதிரி இருக்குமா? அம்மா கடல்ல கால் நனைக்க முடியுமா? போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

நண்டுவறுவல்:
என் பேர பாத்துமா இந்த திரிய தொறந்தீங்க. ஒரே கேள்வி, மொளகு போட்டு வறுத்தா எப்படி இருக்கும்.

ஊர்சுத்தி:
அம்மாவும் அததான் ரெண்டாவது கேள்வியா கேட்டாங்க 😂

பெர்த்வாசி:
முதல்ல டிக்கெட் போடாதீங்க, நிறுத்துங்க. நான் ரெண்டு தடவை போயிருக்கேன், முதல் தடவை நீங்க பண்ண போற அதே தப்ப பண்ணிட்டு வெறும் காட்ட பாத்துட்டு திரும்பி வந்தவன்.

நண்டு நம்ம லீவுக்கு வராது. ரெண்டு விஷயம் சேரணும். ஒண்ணு மழை, சீசனோட முதல் நல்ல மழை விழுந்தாதான் காட்டுக்குள்ள வளையில இருக்கறதெல்லாம் வெளிய வரும், அது சாதாரணமா அக்டோபர் நவம்பர்ல, சில வருஷம் டிசம்பர் தாண்டியும் போயிடும். ரெண்டாவது நிலா. பொட்டை நண்டு கடல்ல முட்டை விடறது எப்பவுமே நிலா தேயற கடைசி கால் பகுதியிலதான், அதுவும் விடியறதுக்கு முன்னாடி, கடல் ஏறி முடிச்சு எறங்க ஆரம்பிக்கிற நேரம். அந்த நாள கணக்கு வச்சு பின்னாடி எண்ணிக்கோங்க, முட்டைய வயித்துல வச்சு அடைகாக்க ஒரு 12, 13 நாள், அதுக்கு முன்னாடி ஜோடி சேர சில நாள், அதுக்கும் முன்னாடி காட்டுல இருந்து கரைக்கு நடக்க ஒரு வாரம். மழை சீக்கிரம் வந்தா நின்னு நின்னு சாப்டுட்டு ஆற அமர நடக்கும், லேட்டா வந்தா ஓட்டமா ஓடும், ரொம்பவே லேட்டாச்சுன்னா சில கூட்டம் அடுத்த மாசத்து நிலாவுக்கு தள்ளி போட்டுடும். தீவுல தேசியப் பூங்காக்காரங்க மழை விழுந்ததும் உத்தேச தேதி அறிவிப்பாங்க, அதுக்கப்பறம் டிக்கெட் போடுங்க. ஃப்ளைட் தினமும் கெடையாது, ரூமும் கம்மி, அதனால சூட்கேஸ கட்டி வச்சுட்டு காத்திருக்கணும்.

வறுவல் அண்ணனுக்கு: சட்டப்படி புடிக்கவோ கொல்லவோ கூடாது, அங்க இருக்கவங்களும் அத சாப்பிடறதில்ல.

நண்டுவறுவல்:
நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு எங்க ஆத்தா என்னதான் திட்டும், நெசமாவே அப்படி ஒரு ஊர் இருக்குன்னு இன்னைக்குதான் தெரியும்.

ஊர்சுத்தி:
பெர்த்வாசி அண்ணா ரொம்ப நன்றி. நீங்க எழுதினத அம்மாகிட்ட வாசிச்சு காட்டினேன். "தேயற நிலாவுல கடைசி கால்"னதும் ஊர்ல இருந்து கொண்டு வந்த தினசரி காலண்டர எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. அவங்க கணக்குப்படி தேய்பிறை அஷ்டமில ஆரம்பிச்சு அமாவாசைக்குள்ள முடியுது. அப்பறம் சொன்னாங்க பாருங்க, "அஷ்டமி நவமில போயி எவளாச்சும் பிள்ள பெக்க கெளம்புவாளாடி, நண்டுக்கு நல்ல நாள் பாத்து சொல்ல ஆளில்ல போல".

எறும்புத்தின்னி:
அம்மாவோட காலண்டர் கணக்கு கரெக்ட். ஏன் அஷ்டமின்னு கேட்டா அதுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. அமாவாசை பௌர்ணமில கடல் ரொம்ப ஏறும் ரொம்ப எறங்கும், அரைநிலா சமயத்துல ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் வித்தியாசம் கம்மி. அந்த தீவுக்கு மணல் கரை ரொம்ப கொஞ்சம், மீதி எல்லாம் பாறைச்சரிவு, முட்டைய சொமந்துட்டு வர நண்டு அந்த பாறைய புடிச்சுகிட்டுதான் தண்ணிய தொடணும். கடல் ரொம்ப ஆடாத நாள்னா அலை அடிச்சு இழுத்துட்டு போற ஆபத்து கம்மி. நல்ல நாள் பாத்துதான் கெளம்புது, நம்ம பஞ்சாங்கத்துக்கு அது ராகுகாலமா தெரியுது, அவ்ளோதான்.

ஒரு பொட்டை நண்டு ஒரு லட்சம் முட்டை வரைக்கும் விடும். தண்ணில பட்டதும் பொரிஞ்சிடும். குஞ்சு ஒரு மாசம் கடல்ல மிதக்கும், மீன் திங்கும், திருக்கை திங்கும், திமிங்கலச் சுறா அந்த சமயத்துக்குன்னே அங்க வந்து சுத்தும். நெறைய வருஷம் ஒரு குஞ்சு கூட கரை திரும்பாது, அதான் உண்மை. பத்து வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் பாறையெல்லாம் செவப்பு பெயின்ட் அடிச்ச மாதிரி அஞ்சு மில்லிமீட்டர் நண்டு கோடிக்கணக்குல ஏறி வரும், அந்த ஒரு தடவையே போதும் கூட்டத்த காப்பாத்த.

பெர்த்வாசி:
பீச் பத்தி கேட்டீங்கல்ல. நேராவே சொல்றேன், பீச்சுக்காகன்னா அங்க போகாதீங்க, அந்த காசுக்கு பாலி போயிட்டு வந்துடலாம். 135 சதுர கிலோமீட்டர் தீவு, ஜாவாவுக்கு தெக்க 350 கிலோமீட்டர் சொச்சம், கடலுக்கு அடியில இருந்து எழும்பின மலையோட உச்சிதான் இது, அதனால கரை பூரா பத்து இருபது மீட்டர் செங்குத்துப் பாறை. நடுவுல அங்கங்க கைக்குட்டை அளவுக்கு பீச்.

ஃப்ளையிங் ஃபிஷ் கோவ்தான் ஊருக்குள்ள இருக்கறது, கூழாங்கல்லும் உடைஞ்ச பவளமும்தான், மணல்னு சொல்ல முடியாது, ஆனா கண்ணாடி மாட்டிட்டு தலைய முக்கினா போதும், கரையில இருந்து நூறு மீட்டர் நீந்தினதுக்குள்ள பவளப்பாறை முடிஞ்சு நீலமா பாதாளம், எனக்கு வயித்த கலக்கிடுச்சு. டாலி பீச் மணல் பீச், தென்னை மரம், பாறையில இருந்து நல்ல தண்ணி சொட்டும், ஆமை முட்டை போட வரும், ஆனா காட்டுக்குள்ள நடந்துதான் போகணும், கடைசி தூரம் வேரும் கல்லுமா இருக்கும், அம்மாவுக்கு கை புடிக்க ஆள் வேணும். எத்தல் பீச், லில்லி பீச் சுலபம், நடைபாதை போட்டிருக்காங்க, பாறை இடுக்குல தேங்கின குளத்துல உக்காந்துக்கலாம். கிரேட்டா பீச் அழகான எடம்தான், ஆனா கடல் நீரோட்டம் ஆசியா பூராவுலயும் இருந்து பிளாஸ்டிக் செருப்பையும் பாட்டிலையும் கொண்டு வந்து அங்க கொட்டுது, ஊர்க்காரங்க பொறுக்கி எடுக்க எடுக்க வந்துட்டே இருக்கு.

தெக்கு பக்கம் புளோஹோல்ஸ்னு ஒண்ணு இருக்கு, அலை பாறைக்கு அடியில பூந்து ஓட்டை வழியா மேல பீச்சி அடிக்கும், தண்ணிய விட அந்த சத்தம்தான். அத மிஸ் பண்ணாதீங்க. மேற்கால த டேல்ஸ்னு ஓடை இருக்கற காடு, அங்க நீல நண்டு இருக்கு, ஆமா நீல கலர்ல, ஹ்யூஸ் டேல் அருவி சின்னதுதான், குத்தாலம்னு நெனச்சு போகாதீங்க, நம்ம வீட்டு ஷவர் ரெண்டு சேந்த மாதிரி. ரோடு மோசம், நாலு சக்கரமும் இழுக்கற வண்டி எடுத்துக்கோங்க.

சிங்கைக்காரன்:
இடையில ஒரு சின்ன விஷயம். அந்த தீவு 1958 வரைக்கும் எங்க சிங்கப்பூர்ல இருந்து நிர்வாகம் பண்ணதுதான், அந்த வருஷம் ஆஸ்திரேலியா கைக்கு போச்சு. பேர் வந்தது 1643ல, கிறிஸ்மஸ் அன்னைக்கு ஒரு கப்பல் கேப்டன் அந்த பக்கமா போனப்ப வச்சது. அப்பறம் 1888ல பிரிட்டிஷ்காரன் சொந்தமாக்கினது பாஸ்பேட்டுக்காக, வயல்ல போடற உரத்துக்கு. தோண்டி எடுக்க சீனர்களையும் மலாய்க்காரங்களயும் கொண்டு போனாங்க, அவங்க பேரன் பேத்திங்கதான் இப்ப அங்க இருக்கற ஆயிரத்து எழுநூறு பேர்ல பெரும்பாலும். அதனால சாப்பாட்டுக்கு கவலைப்படாதீங்கக்கா, பூன் சான் பக்கம் சீனக் கடை, கோவ் பக்கம் மலாய் கம்பம் (கிராமம்). சம்பல் கெடைக்கும், அம்மா சமாளிச்சுப்பாங்க.

எறும்புத்தின்னி:
அந்த பாஸ்பேட்தான் அபட்ஸ் பூபின்னு ஒரு கடல் பறவைய கிட்டத்தட்ட முடிச்சிருக்கும். உலகத்துல இப்ப அது கூடு கட்டற ஒரே எடம் இந்த தீவுதான், அதுவும் ஒசரமான மழைக்காட்டு மரத்து உச்சியில, ஒரே ஒரு முட்டை. அந்த மரம் நின்ன மண்ணுக்கு கீழதான் பாஸ்பேட். அந்த சண்டையில இருந்துதான் 1980ல தேசியப் பூங்கா வந்துச்சு, இப்ப தீவுல மூணுல ரெண்டு பங்குக்கு கிட்ட பூங்காதான்.

ஆனா சுரங்கம் மட்டும் வில்லன் இல்ல. என் பேருக்கு ஏத்த கதை ஒண்ணு சொல்லணும். மஞ்சள் பைத்திய எறும்புன்னு ஒண்ணு (பைத்தியம்னு நான் சொல்லல, பேரே அதான், கண்டபடி ஓடும்) கப்பல்ல வந்து ஏறிச்சு, பல பத்து வருஷம் சத்தமில்லாம இருந்துட்டு 1990கள்ல வெடிச்சு பெருகிடுச்சு. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்த பீச்சும். நண்டோட கண்ணுலயும் கால் மூட்டுலயும் பட்டா குருடாகி ஒண்ணும் திங்காம செத்துடும். கோடிக்கணக்குல செத்துச்சு. இன்னொண்ணு, அந்த நண்டுதான் காட்ட கூட்டற வேலைக்காரி, விழற எலை, முளைக்கிற செடிக்கன்னு எல்லாத்தையும் தின்னுடும், நல்லா இருக்கற காட்டுல தரை நம்ம வீட்டு முத்தம் மாதிரி பளிச்சுன்னு இருக்கும். நண்டு செத்த எடத்துல செடி கொடி மண்டி உள்ள நுழையவே முடியல.

முதல்ல ஹெலிகாப்டர்ல மருந்து தூவினாங்க, செத்துட்டு திரும்ப வரும். அப்பறம் யோசிச்சாங்க, எறும்புக்கு சாப்பாடு எங்கருந்து வருது? மரத்துல ஒட்டிட்டு இருக்கற செதில் பூச்சி வடிக்கிற தேன். அந்த பூச்சியும் வந்தேறிதான். அத கொல்ல மலேசியாவுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் குளவி ஒண்ண கொண்டு வந்து 2016 கடைசில விட்டாங்க. பூச்சி கொறைஞ்சா தேன் கொறையும், தேன் கொறைஞ்சா எறும்பு கொறையும். இப்ப நண்டு எண்ணிக்கை பத்து கோடிக்கு மேலன்னு சொல்றாங்க, முன்னாடி நாலஞ்சு கோடின்னு சொன்னது.

நண்டுவறுவல்:
கொஞ்சம் சீரியஸா கேக்கறேன். இதே ஆஸ்திரேலியாகாரன்தான் கரும்புல வண்டு புடிக்க 1935ல தேரைய கொண்டு வந்து விட்டு, வண்ட விட்டுட்டு நாட்டையே தேரை தின்னுச்சு. நாளைக்கு அந்த குளவி எதையாவது திங்காதுன்னு என்ன நிச்சயம்? எலிக்கு பூனை, பூனைக்கு நாய்னு போயிட்டே இருக்கறதா?

எறும்புத்தின்னி:
நியாயமான கேள்வி, அந்த தேரை கதையாலதான் இந்த குளவிய பல வருஷம் சோதிச்சாங்க. தேரை கண்டதையும் திங்கும், இந்த குளவி குறிப்பிட்ட வகை செதில் பூச்சிக்குள்ள மட்டும்தான் முட்டை வைக்கும். தீவுல இருக்கற மத்த செதில் பூச்சிங்கள பக்கத்துல வச்சும் பாத்துட்டுதான் விட்டாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சின்ன பயம் இருக்கு, மறைக்கல. ஆனா கைய கட்டிட்டு நின்னா என்ன ஆகும்னும் அதே தீவுல பாத்தாச்சே. அங்க மட்டும் இருந்த ஒரு குட்டி வௌவால், மூணு கிராம் எடை. கொறையுது கொறையுதுன்னு பேசிட்டே இருந்து, புடிச்சு வளக்கலாம்னு 2009ல போனப்ப ஒண்ணே ஒண்ணுதான் பறந்துட்டு இருந்துச்சு. ஆகஸ்ட் 26 ராத்திரி அதோட சத்தம் கருவியில பதிவாச்சு, அதுக்கப்பறம் இல்ல.

நண்டுவறுவல்:
ம்ம். சரி ஒத்துக்கறேன், பாதி.

வடமராட்சியான்:
இந்தத் திரிய ரெண்டு நாளா வாசிச்சுக் கொண்டிருக்கிறன், எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சுப்போட்டு இப்ப எழுதுறன். நீங்கள் டிக்கெட் போட்டுப் போற இடத்துக்கு நான் 2012ல படகில போனனான். எங்கட ஆக்களிட்ட கிறிஸ்மஸ் தீவு எண்டு சொன்னா ஒருத்தருக்கும் நண்டு ஞாபகம் வராது, படகில வந்து தஞ்சம் கேட்ட ஆக்கள அடைச்சு வச்ச காம்ப்தான் வரும். பிலோயிலா குடும்பத்தையும் (ஆஸ்திரேலியாவில தஞ்சம் கேட்ட தமிழ்க் குடும்பம்) 2019ல இருந்து 2021 வரைக்கும் அங்கதானே வச்சிருந்தவை.

ஆனா நண்டு நான் பாத்தனான். மழை துவங்கின நேரம், எங்கள பஸ்ஸில ஏத்திக் கொண்டு போகேக்க டிரைவர் நடு ரோட்டில நிப்பாட்டிப்போட்டு இறங்கிப் போனார். என்னவோ ஏதோ எண்டு எங்களுக்குப் பயம். எட்டிப் பாத்தா அந்தாள் சருகு கூட்டுற வாரியால நண்டுகள ஒண்டொண்டா ஓரத்துக்கு ஒதுக்கிக் கொண்டு நிக்கிறார், ஒரு அரை மணித்தியாலம் இருக்கும். எனக்குப் பின்னால இருந்த பெடியன் சொன்னான், "மச்சான், இதுகளுக்கு விசா கிடைச்சிட்டுது" எண்டு. படகில இருந்து இறங்கின பிறகு நாங்கள் எல்லாரும் சேந்து சிரிச்சது அண்டைக்குத்தான்.

தங்கச்சி, போனா ஒரு உதவி செய்யுங்கோ. ஃப்ளையிங் ஃபிஷ் கோவ் ஜெட்டிய, அந்த இறங்குதுறைய, ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. நாங்கள் கால் வச்சது அதிலதான்.

ஊர்சுத்தி:
கண்டிப்பா அண்ணா. அம்மாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "மொதல்ல அத எடு"ன்னாங்க.

பெர்த்வாசி:
போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம். பெர்த்ல இன்டர்நேஷனல் டெர்மினல்ல ஏறணும், பாஸ்போர்ட் எடுத்துக்கோங்க. ஏர்போர்ட் மேட்டுல இருக்கு, மேகம் எறங்கிட்டா விமானம் எறங்காது, வேலைக்கு திரும்பற நாளுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா விட்டு வைங்க. மழைக்காலத்துல வடமேற்குல இருந்து பெரிய அலை அடிச்சா சரக்கு கப்பல் கட்ட முடியாம வெளியவே நிக்கும், அப்ப கடையில காய்கறி ப்ளைட்ல வந்ததுதான், வெலைய பாத்து அதிர்ச்சி ஆகாதீங்க, பருப்பு ரசப்பொடி எல்லாம் கொண்டு போயிடுங்க. செருப்ப வெளிய விடாதீங்க, ஏன்னு போனா தெரியும்.

ஊர்சுத்தி:
போயிட்டு வந்தாச்சு!!! கொஞ்சம் நீளமா எழுத போறேன், பொறுத்துக்கோங்க.

மழை விழுந்து, அறிவிப்பு வந்து, மானேஜர் கால்ல விழாத கொறையா லீவு வாங்கி கெளம்பினோம். பெர்த்வாசி அண்ணா வாய் முகூர்த்தம், மேகம். ரெண்டு தடவை எறங்க பாத்துட்டு முடியாம கோகோஸ் தீவுக்கு கொண்டு போயிட்டாங்க, மறுநாள்தான் வந்து சேந்தோம். எனக்கு ஒரே டென்ஷன், அம்மா "ஒரு டிக்கெட்ல ரெண்டு தீவு"ன்னு ஜாலியா இருக்காங்க.

மொத நாளே செருப்பு போச்சு. அம்மாவோட ரப்பர் செருப்பு ஒத்த கால் மட்டும். தேங்கா நண்டு, அங்க ராபர் கிராப்னு திருடன் பேர்தான் வச்சிருக்காங்க. பக்கத்து புதர்ல உக்காந்து செருப்ப இடுக்கில புடிச்சு வார தனியா சோல் தனியா பிரிச்சிட்டு இருந்துச்சு, நம்ம வீட்டு நாய்க்குட்டி சைஸ், ஊதாவும் நீலமும் கலந்த நெறம், டார்ச் அடிச்சா நகரவே இல்ல, "என்ன பாக்குற"ங்கற மாதிரி நிக்குது. நாலு கிலோ வரைக்கும் வளருமாம், அம்பது வருஷத்துக்கு மேல வாழுமாம், கடல்ல பொறந்தாலும் வளந்தப்பறம் தண்ணில போட்டா மூழ்கி செத்துடுமாம். அம்மா "என்ன விட சின்னவளா தான் இருக்கும், போட்டும் விடு"ன்னாங்க.

செவப்பு நண்டு நாங்க போனப்ப பொட்டை நண்டுங்கதான் வழியெல்லாம், ஆம்பள நண்டு வேலைய முடிச்சுட்டு எதிர்பக்கம் காட்டுக்கு திரும்பிட்டு இருந்துச்சு. பாதி ரோடு மூடிட்டாங்க. நண்டுக்குன்னு அஞ்சு மீட்டர் ஒசரத்துல ஒரு பாலம் கட்டியிருக்காங்க, நிஜமா ஏறி எறங்குது, எங்க ஊர் நடைமேம்பாலத்த மனுஷன் கூட அப்படி யூஸ் பண்றதில்ல. தொறந்த ரோட்டுல அம்மா வாரியோட முன்னாடி நடக்க நான் பின்னாடி முதல் கியர்ல. ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். வீடியோல வராத ஒண்ணு சத்தம். காஞ்ச ஓலைய யாரோ விடாம கசக்கற மாதிரி, காடு பூரா. இன்னொண்ணு நாத்தம், வெயில்ல மாட்டி செத்ததெல்லாம், அதயும் யாரும் சொல்லல.

முட்டை விடறத எத்தல் பீச்ல பாத்தோம். காலைல நாலு மணி, தேய்பிறை நிலா லேசா. பாறையே தெரியல, நண்டு மேல நண்டு. ஒவ்வொண்ணா தண்ணி ஓரம் வந்து ரெண்டு கொடுக்கையும் மேல தூக்கி ஒடம்ப ஒரு குலுக்கு குலுக்குது, சாமி வந்த மாதிரி, அவ்ளோதான், கருப்பா சாந்து மாதிரி தண்ணில எறங்குது. அலை வந்து போறப்ப தண்ணி காப்பி டிகாஷன் கலர்ல இருந்துச்சு. ஒரு நண்டு அம்மா கால் மேல ஏறி நின்னு குலுக்கிட்டு எறங்கி போச்சு. அம்மா அசையவே இல்ல, மூச்சு கூட விடல, அது போனப்பறம்தான் "நல்லபடியா ஆச்சு, போ"ன்னாங்க, ஆஸ்பத்திரில பிரசவத்துக்கு நிப்பாங்கல்ல அதே கொரல்ல.

வழியில சீனக் கோவில் ஒண்ணுல நின்னு கும்புட்டுட்டு வந்தோம், என்ன சாமின்னு தெரியல. டாலி பீச் போகல, மழை. புளோஹோல்ஸ் போனோம், அம்மா காத பொத்திட்டாங்க. தங்க நெற வால்நீளப் பறவை (கோல்டன் போசன்) ஊருக்கு மேலயே பறக்குது, அந்த தீவோட கொடியிலயும் அதான்.

வடமராட்சி அண்ணா, ஜெட்டி படம் மூணு போட்டிருக்கேன். ஒண்ணு காலைல, ரெண்டு சாயங்காலம். பசங்க அதுல இருந்து குதிச்சு நீந்திட்டு இருந்தாங்க.

வடமராட்சியான்:
படம் கிடைச்சுது தங்கச்சி. பெரிய உபகாரம். உது இவ்வளவு சின்னனா? நாங்கள் இறங்கேக்க இரவு, முடிவே இல்லாத நீளம் மாதிரி இருந்தது. கடைசிப் படத்தில நீந்துற பிள்ளையளுக்குப் பக்கத்தில கல்லில செவப்பா ஒண்டு இருக்குது, பெருப்பிச்சுப் பாத்தனான், நண்டுதான்.

புதுசா_வந்தவன்:
ஹலோ பிரண்ட்ஸ், சூப்பர் திரி, முழுசா படிக்கல. அடுத்த வருஷம் நவம்பர் 10க்கு டிக்கெட் போடலாமா?

நண்டுவறுவல்:
யாராச்சும் அம்மாவ கூப்பிடுங்க, காலண்டரோட.